நாலு கிலோ குறைவு

தம்பி வந்துவிட்டான். வருவானா மாட்டானா என்று போன வாரம் முழுக்க அக்காவை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்தவன், வியாழக்கிழமை சாயங்காலமே டிரெய்லரில் படகை ஏற்றிவந்து அவள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் போயிருந்தான்.

இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அக்காவும் தம்பியும். சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் அக்கா ஒரு நாள், "எதையும் உருப்படியா முடிக்கத் தெரியாதவன்" என்று சொல்லித் தொலைத்தாள். அதற்குப் பதில் சொல்வது போல இந்த வருஷம் படகுப் போட்டியில் சாம்பியன் கோப்பையை அடித்துக்கொண்டு வந்தான் தம்பி. அம்மாதான் நடுவில் புகுந்து, "கண்காட்சியில அவ ஸ்டாலுக்கு உன் படகைக் குடுடா, கூடப் பிறந்தவதானே" என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள்.

படகுக் கண்காட்சி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய மண்டபம். வாசலிலிருந்து பாதி தூரம் வரை பணக்காரர்களின் மோட்டார் படகுகள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில், மூலையில், சின்னப் பாய்ப்படகுகள். ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு ஸ்டால். நம் அக்கா சங்கத்துப் படகுக்குப் பெயர் 'ஆலா'. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் சண்டை வரும்.

ஆலா படகுகள் எல்லாமே ஒரே நீளம், ஒரே பாய், ஒரே எடை. ஓட்டுகிறவன் ஜெயிக்கலாமே தவிர படகு ஜெயிக்கக் கூடாது என்பது சட்டம். கட்டி முடித்ததும் எடை குறைந்தால், இருக்கைக்கு அடியில் ஈயக்கட்டி வைத்துத் திருகாணி போட்டுச் சரிசெய்து, சங்கத்தின் அளவுக்காரர் முத்திரை குத்துவார். அந்த அளவுக்காரர் வேறு யாருமில்லை, அக்காதான். பெற்ற தாய் படகு ஓட்டினாலும் ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டாள். சங்கத்தில் பாதிப் பேருக்கு அவள் நிஜப் பெயரே தெரியாது. 'தராசக்கா' என்றால்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை. எதிர் ஸ்டாலில் புது மாதிரிப் படகு, காதைக் கிழிக்கும் பாட்டு, கூட்டம் அங்கேதான் மொய்த்தது. ஆலா ஸ்டாலில் ஒரு தட்டு பிஸ்கட், நீலத் தொப்பிகள், மேசைமேல் தம்பியின் கோப்பை. அக்கா சும்மா இருப்பாளா? முந்தின வாரமே ஒரு யோசனை பண்ணி வைத்திருந்தாள். 'எடையைச் சொல்லு, தொப்பியை வெல்லு.' பாய்மரம் ஏற்றுவதற்கு முன்னால் வெறும் படகைத் தராசில் வைப்பது, சரியாகச் சொன்னவருக்குத் தொப்பி. யாரும் கேட்காத வினையைத் தானே தேடிப் போய் வாங்கினாள் மகராசி.

தம்பியும் சங்கத் தலைவரும் படகைத் தூக்கித் தராசில் வைத்தார்கள். தலைவர் கப்பல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை மீசைக்காரர். படகு கண்ணைப் பறித்தது. அக்கா வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை பூராவும் உட்கார்ந்து பாலிஷ் போட்ட பளபளப்பு அது. கூட்டம் கூடிவிட்டது. அக்கா மைக்கைப் பிடித்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று உற்சாகமாகக் கூவினாள். தம்பி கூட லேசாகச் சிரித்தான்.

திரையில் எண் வந்தது. அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது.

தராசை அணைத்துப் போட்டாள். படகை மறுபடி வைக்கச் சொன்னாள். அதே எண். சட்டப்படி இருக்க வேண்டியதைவிட நாலு கிலோ குறைவு. குனிந்து இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள். ஈயக்கட்டி இரண்டும் இல்லை. திருகாணி போட்ட ஓட்டைகள் மட்டும் விரலில் பட்டன.

போட்டியன்று யாரும் படகை எடை போடுவதில்லை. முத்திரை குத்திய சான்றிதழ் இருந்தால் போதும். அதற்கப்புறம் ஈயத்தைக் கழற்றினால் யாருக்குத் தெரியும்? நாலு கிலோ குறைந்தால் மெல்லிய காற்றில் படகு பறக்கும். இதெல்லாம் ஒரே நொடியில் அக்காவின் தலையில் ஓடியது.

"எப்படா கழட்டினே?" என்றாள்.

கையில் மைக் இருந்தது. அது பாதி மண்டபத்துக்குக் கேட்டது.

"எதைக்கா?"

"ஈயத்தை. போட்டிக்கு முன்னாடியா?"

"நான் கழட்டலைக்கா."

"பின்ன, கால் முளைச்சு நடந்து போச்சா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "சொந்தத் தம்பின்னா தராசு கொஞ்சம் சாயும் போல" என்று ஒரு குரல். அந்தக் குரல்தான் அக்காவைக் கெடுத்தது. அவளுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மைக்கைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். அந்த மௌனத்தை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

கோப்பையைத் தூக்கித் தலைவர் கையில் கொடுத்தாள். "இந்தப் படகு சட்டப்படி செல்லாது. கோப்பை சங்கத்துக்கே திரும்பிப் போகுது. தப்பு பண்ணினது என் தம்பியா இருந்தாலும் தப்பு தப்புதான்" என்று மைக்கில் அறிவித்தாள்.

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் ஒரு கணம் அக்காவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிற்பாடு அவளைத் தின்றது அந்த ஒரு கணம்தான்.

தம்பி கழுத்தில் தொங்கிய ஸ்டால் அட்டையைக் கழற்றி, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டால் என்ன ஸ்டால்! பாய்மரத்தை ஏற்றினார்கள், பாயைக் கட்டினார்கள். வந்தவர்கள் படகைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்கள். சிலர் போனில் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டே போனார்கள். எதிர் ஸ்டால் பெண் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். சாவு வீட்டுக்கு எதிரில் குறைப்பார்களே, அப்படி. அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, "குடிங்கக்கா" என்று வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பாட்டிலை நிமிர்ந்து பார்க்கக் கூட அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. மானத்தை வாங்கிட்டானே படுபாவி என்று மனசுக்குள் தம்பியைத் திட்டிக்கொண்டே மத்தியானம் வரை தள்ளினாள்.

மத்தியானம் வீட்டுக்காரர் வந்தார். பல் டாக்டர். சனிக்கிழமை காலை கிளினிக்கை முடித்துவிட்டு, சட்டையில் மருந்து வாசனையோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"எப்படி, எல்லாரும் வாயைப் பிளந்தாங்களா?"

"எதுக்கு?"

"என் பாலிஷுக்குத்தான்! பாரு, முகம் தெரியுது அதுல."

அக்கா அவரைப் பாய்க்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகத்தில் சிரிப்பு ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது.

"ஈயம்னா... சீட்டுக்கு அடியில கறுப்பா ரெண்டு கட்டி இருந்துச்சே, அதுவா?"

"ஆமா."

"அதை நான்தான்மா கழட்டினேன்."

"எதுக்குங்க?"

"சொத்தைப் பல்லு மாதிரி அசிங்கமா இருந்துச்சு. குழந்தைங்க எட்டிப் பார்ப்பாங்கன்னு நீதானே சொன்னே? புடுங்கி எடுத்துத் தொடச்சுக் கார் டிக்கியில வச்சேன். கண்காட்சியில சும்மா நிக்கிற படகுக்கு எதுக்கு எடைன்னு நினைச்சேன். திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி மாட்டிடலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னேனே! 'உள்ள இருந்த அசிங்கத்தை எடுத்துட்டேன்'னு சொன்னேன். நீ தொப்பியெல்லாம் அடுக்கிக்கிட்டு இருந்தே. 'ம்'னே."

சொன்னார்தான். அவளும் 'ம்' என்றாள்தான். இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது அக்காவுக்கு.

"திட்டவாவது திட்டேன்" என்றார் அவர் பாவமாக.

"உங்க மேல கோபமே வரலைங்க. வந்தா நல்லா இருக்கும்."

கார் டிக்கியில் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தார். பல் மாதிரியே தேய்த்துப் பளபளவென்று. ஒவ்வொன்றிலும் அக்கா குத்திய முத்திரை. அந்தத் துண்டோடு அள்ளிக்கொண்டு தலைவரிடம் ஓடினாள்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். ஈயத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"நான் நம்புறேன்மா. ஆனா கமிட்டி என்ன சொல்லும்? காலையில எடை குறையுது. மத்தியானம் உன் வீட்டுக்காரர் கார்லேர்ந்து ஈயம் வருது. மாட்டிக்கிட்டவன் உன் தம்பி, முத்திரை உன்னோடது. கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"நான் பொய் சொல்றேன்னா சார் சொல்றீங்க?"

"நான் சொல்லலை. உண்மைன்னு காட்ட உங்கிட்ட என்ன இருக்கு?"

"என் வார்த்தை இருக்கே."

தலைவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "காலையில அவனும் அதை மட்டும்தானே வச்சுக்கிட்டு நின்னான்?"

அக்காவுக்குச் சுரீர் என்றது.

"எங்கிட்ட மட்டும் காதோட சொல்லியிருந்தா நாலு சுவத்துக்குள்ள முடிச்சிருக்கலாம். மைக்ல போட்டுட்டே. ரெண்டாவதா வந்தவங்க இதுக்குள்ள எனக்குப் போன் பண்ணிட்டாங்க. நாளைக்குக் கமிட்டி கூடுது. அதுவரைக்கும் கோப்பை எங்கிட்டதான் இருக்கும்." குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வழி இருக்கு. அளவுக்காரரா உன் பொறுப்புல இருந்தப்போ நடந்த தப்புன்னு எழுந்து சொல்லி, முத்திரையைக் கமிட்டி மேசையில வச்சிடணும். அப்புறம் நீ அளவுக்காரர் இல்லை. அப்படிச் செஞ்சா ஒருவேளை நம்புவாங்க. யோசி."

யோசிக்க அவளால் முடியவில்லை. முதலில் ஸ்டாலுக்குப் போய் மைக்கை எடுத்தாள்.

"காலையில நான் சொன்னது தப்பு. என் தம்பி எந்தத் தப்பும் பண்ணலை. எங்க வீட்டுல பாலிஷ் போடறப்போ ஈயம் கழண்டிருக்கு. அவன் மேல வீண் பழி போட்டுட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. காலையில் கேட்டவர்கள் வேறு, இப்போது நிற்பவர்கள் வேறு. இவர்களுக்குத் தம்பி யார், ஈயம் என்ன என்று எதுவும் தெரியாது. ஒரு பெரியவர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "கழிப்பறை இந்தப் பக்கமாம்மா?" என்று கேட்டார். அக்கா கையைக் காட்டினாள்.

மண்டபத்துக்குப் பின்னால் சாமான் ஏற்றி இறக்குகிற வாசல். அங்கே டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. தம்பி தன் டிரெய்லர் கம்பியின் மேல் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"டேய்... மாமாதான்டா கழட்டியிருக்கார். பாலிஷ் போடறப்போ."

"ம். நினைச்சேன்."

"நினைச்சியா? அப்புறம் ஏன்டா வாயை மூடிக்கிட்டு நின்னே?"

"வியாழக்கிழமை உன் வீட்டுல விடறப்போ ஈயம் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில இல்லை. நடுவுல படகு இருந்தது உன் வீட்டுல. அதை அந்த மைக்குக்கு முன்னாடி நான் சொல்லியிருந்தா? 'தராசக்கா வீட்டுலயே ஈயம் காணாமப் போச்சாம்'னு ஊரே சிரிச்சிருக்கும். உனக்கு அந்தப் பேர் மேல உசுரு." சாதாரணமாகச் சொன்னான். "எனக்கென்ன, எதையும் உருப்படியா முடிக்காதவன்தானே."

அக்கா டிரெய்லர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். தன் பெயர் கெடக் கூடாதென்று அவனை நடுச்சந்தியில் நிறுத்தினாள். அவனோ அதே பெயர் கெடக் கூடாதென்று அங்கே பேசாமல் நின்றிருக்கிறான். இதற்கு மேல் என்ன வெட்கக்கேடு வேண்டும்?

"மன்னிச்சுடுடா."

"இப்ப வேணாம்க்கா. இப்ப சரின்னா வாய்தான் சொல்லும்."

"நாளைக்குக் கமிட்டி கூடுது. நீ வந்து நின்னேன்னா..."

"நான் வரலை."

"வரலைன்னா ஒத்துக்கிட்டேன்னு ஆயிடும்டா."

"ஆகட்டும். இன்னொரு தடவை நின்னு 'நான் கழட்டலை'ன்னு சொல்ல என்னால முடியாது. நீ நம்பலை. வேற எவன் நம்பினா எனக்கென்ன?"

"அடடே!" என்று பின்னால் ஒரு குரல்.

அம்மா. இரண்டு பஸ் மாறி, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி உடுத்திக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். முன்வாசலில் கூட்டம் என்று யாரோ பின்வாசலைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகமெல்லாம் பல்.

"ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பேசிக்கிட்டு இருக்கீங்க! என் கண்ணே பட்டுடும் போல இருக்கே. எத்தனை நாளாச்சு இப்படிப் பார்த்து! சரி, கப்பு எங்கடா? மூணு பேரும் கப்போட ஒரு போட்டோ எடுக்கணும். அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"பேர் பொறிக்கக் குடுத்திருக்கும்மா" என்றான் தம்பி, கண்ணைக் கூடச் சிமிட்டாமல். "நாளைக்கு வந்துடும்."

"அப்படியா? பெரிய எழுத்தா பொறிக்கச் சொன்னியா?"

"சொல்லியிருக்கேன்."

அம்மா தலையாட்டினாள். பிள்ளை சொன்னால் நம்ப வேண்டியதுதானே, அதில் என்ன யோசனை? இப்படி நம்புவது இவ்வளவு சுலபமா என்று அக்கா அம்மாவையே பார்த்தாள். காலையில் தன்னால் முடியாமல் போனது இவ்வளவுதான். பேசாமல் இருந்துவிட்டால் இன்றைக்குச் சாயங்காலமாவது தப்பிக்கலாம். தம்பியே கதவைத் திறந்து வைத்திருக்கிறான்.

"இல்லம்மா" என்றாள். "அவன் பொய் சொல்றான்."

"அக்கா, விடு."

"காலையிலயும் இதையேதான்மா சொன்னேன், ஊரைக் கூட்டி மைக்ல சொன்னேன். அப்ப அவன் சொன்னது நிஜம். இப்பத்தான் பொய் சொல்றான், அதுவும் எனக்காக. கப்பை நான்தான் தூக்கிக் குடுத்தேன். இவன் ஏமாத்தி ஜெயிச்சான்னு சொல்லிக் குடுத்தேன். இவன் ஒண்ணுமே பண்ணலைம்மா. எல்லாம் எங்க வீட்டுல நடந்த கூத்து."

எல்லாவற்றையும் கொட்டினாள். பாலிஷ், ஈயம், தான் சொன்ன 'ம்', கைதட்டல் ஒன்று விடாமல். அம்மா முகத்திலிருந்த சிரிப்பு போக ரொம்ப நேரம் பிடித்தது. கத்துவாள் என்று அக்கா காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

அம்மா மகன் பக்கம் திரும்பினாள். "நான் கெஞ்சித்தானேடா நீ படகையே குடுத்தே" என்றாள். "என்னை மன்னிச்சுடு சாமி."

"சீ, விடும்மா" என்று அவன் உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். "நாளைக்குக் கமிட்டியில என் முத்திரையைத் தூக்கி மேசையில வச்சிடறேன்மா" என்றாள். "அளவுக்காரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். தப்பு என்னுதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

அம்மா அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது.

"வையி. வைக்க வேண்டியதுதான்" என்றாள். "ஆனா காலையில நீ சொன்னப்போ கை தட்டினாங்களே, அவங்களையெல்லாம் எங்கடி போய்த் தேடுவே?"

மகன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்குள் நடந்தாள். அக்கா டிரெய்லர்களுக்கு நடுவில் தனியாக நின்றாள்.